கழுத்துக்குக் கீழே என் வீட்டுக்காரர்

போன வருடம் பொங்கலுக்கு எங்கள் திருவண்ணாமலையில் ஒரு படம் ரிலீஸ் ஆனது. எப்போதோ இறந்துபோன ஒரு பெரிய நடிகரை கம்ப்யூட்டரில் மறுபடியும் உயிரோடு கொண்டுவந்துவிட்டார்கள் என்று ஊரே பேசிய படம். பெயர் வேண்டாம். முதல் நாள் காலைக் காட்சிக்கு நானும் கல்லூரியில் படிக்கும் என் மகளும் போனோம். தியேட்டர் வாசலில் பட்டாசு, பாலாபிஷேகம், ஒரே கூட்டம். அத்தனை பேரும் அந்த நடிகரைப் பார்க்க வந்திருந்தார்கள். நான் என் வீட்டுக்காரரைப் பார்க்கப் போயிருந்தேன்.

அவர் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். சுற்றுவட்டார கிராமங்களிலிருந்து பூவும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு டவுனுக்கு வருவார். உயரத்திலும் தோளிலும் அந்த நடிகரின் சாயல் அவருக்கு உண்டு. அதனால் திருவிழா சமயத்தில் விக் வைத்து, கறுப்புக் கண்ணாடி போட்டு மேடையில் அந்த நடிகர் மாதிரியே ஆடுவார். அவர் ஆடிய வீடியோ ஒன்று யார் யார் செல்போனுக்கோ போய், கடைசியில் சினிமாக்காரர்கள் கண்ணில் பட்டுவிட்டது. சென்னைக்குக் கூப்பிட்டார்கள். அளவெடுத்துப் பார்த்து, இவரே போதும் என்று சொல்லிவிட்டார்களாம்.

ஷூட்டிங்கிலிருந்து வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவருக்குச் சிரிப்புத் தாங்காது. "மூஞ்சி பூரா புள்ளி புள்ளியா வெச்சுடறாங்க. தலையில ஒரு ஹெல்மெட்டு. அதுல இருந்து ஒரு கம்பி நீட்டி, மூஞ்சிக்கு நேரா ஒரு குட்டி கேமரா. நான் நடிச்சு முடிச்சதும் என் மூஞ்சிய எடுத்துட்டு அவர் மூஞ்சிய வெச்சிடுவாங்களாம்" என்பார்.

"அப்போ நீங்க எங்க இருப்பீங்க?" என்று கேட்டேன்.

"கழுத்துக்குக் கீழ மொத்தமும் நான்தான். பத்தாதா உனக்கு?"

படம் வருவதற்குள் அவர் போய்விட்டார். மழைக்காலத்தில் ஒரு நாள் அடி அண்ணாமலை கிராமத்தில் லோடு இறக்கிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டி மேலேயே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

கொஞ்ச நாள் கழித்துத்தான் எனக்கு அது உறைத்தது. போட்டோ இருக்கிறது. ஆனால் அவர் முகம் அசைகிற மாதிரி ஒன்றுகூட எங்களிடம் இல்லை. வீட்டில் வீடியோ எடுப்பதெல்லாம் அவர்தான். அதனால் எல்லா வீடியோவிலும் நானும் மகளும் மட்டும்தான் இருக்கிறோம். அவர் இருப்பதெல்லாம் மேடை வீடியோ. அதில் பாதி முகம் விக்கு, மீதி முகம் கறுப்புக் கண்ணாடி.

தியேட்டரில் அந்த நடிகர் திரையில் வந்ததும் விசில் சத்தத்தில் காது அடைத்துவிட்டது. பக்கத்து சீட்டில் நரைத்த தாடியோடு ஒருவர், "எங்க தலைவரேதாம்மா! அப்படியே வந்துட்டாரு பாரும்மா!" என்று என்னிடம் சொல்லிவிட்டு, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் சொன்னது பொய் இல்லை. தோலில் இருக்கிற சின்னச் சின்னக் குழிகூட அந்த நடிகருக்கு இருந்தது மாதிரியே இருந்தது. கண்ணில் ஈரம் இருந்தது. கம்ப்யூட்டர் செய்தது என்று சொன்னால் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள்.

ஆனால் கழுத்துக்குக் கீழே என் வீட்டுக்காரர்தான். எதையாவது தூக்குவதற்கு முன்னால் வலது கையைத் தொடையில் ஒருமுறை தேய்த்துக்கொள்கிறார். மூட்டை தூக்கித் தூக்கி வந்த பழக்கம் அது. படத்தில் ஒரு பெட்டியைத் தூக்கும்போதும் அப்படியே தேய்த்தார். ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அண்ணாந்து முகத்தைப் பார்த்தால் வேறு யாரோ.

எனக்கே தெரியாமல் சீட்டில் இந்தப் பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மகள் என் காதில், "என்னம்மா, முன்னாடி இருக்கறவரு மறைக்கறாரா?" என்று கேட்டாள்.

"ஆமாண்டி, மறைக்கறாரு" என்றேன். என் முன்சீட்டில் ஒரு சின்னக் குழந்தைதான் உட்கார்ந்திருந்தது. ஒரு நிமிடம் கழித்து மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்தப் படத்துக்கு நான் தனியாகவும் போனேன். வேங்கிக்காலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். மதியம் லீவு சொல்லிவிட்டுப் போவேன். போகப் போக, பார்க்கிற சந்தோஷத்தைவிட ஏக்கம்தான் ஜாஸ்தியானது. பக்கத்து அறையில் அவர் இருக்கிறார், கதவு மட்டும் திறக்கவில்லை என்கிற மாதிரி.

அவரை ஷூட்டிங்குக்குக் கூப்பிட்ட மேனேஜருக்குப் போன் பண்ணினேன். புள்ளி வைத்த முகத்தோடு எடுத்தது இருக்குமே, அதில் கொஞ்சமாவது தர முடியுமா என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர். "அதையெல்லாம் வெளிய குடுக்கக் கூடாதும்மா. என் கையில எதுவும் இல்ல" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

படம் தியேட்டரை விட்டுப் போன பிறகு, தெரியாத நம்பரிலிருந்து ஒரு பெண் பேசினாள். கிராபிக்ஸ் கம்பெனியில் வேலையாம். மேனேஜர் விஷயத்தைச் சொல்லி நம்பர் கொடுத்தாராம். "பௌர்ணமிக்கு அம்மாவோட கிரிவலம் வர்றேங்க்கா. வீட்டுக்கு வரலாமா?" என்று கேட்டாள்.

அன்று மதியம் வந்தாள். அம்மாவை லாட்ஜில் விட்டுவிட்டு வந்திருந்தாள். என் மகளைவிட நாலைந்து வயது பெரியவளாக இருப்பாள். உள்ளே வந்தவள் சுவரில் மாலை போட்டிருந்த போட்டோவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை.

"இவரை நான் நேர்ல பார்த்ததே இல்லக்கா. ஆனா மாசக்கணக்கா தினமும் இவர் முகத்தைத்தான் பார்த்துட்டு இருந்தேன். இந்த முகத்தை எடுத்துட்டு அந்த நடிகர் முகத்தை வெக்கறதுதான் என் வேலை. இவர் இறந்துட்டாருன்னு மேனேஜர் சொன்னப்பதான் தெரியும்" என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் பொறாமைதான் வந்தது. நான் பார்க்க முடியாத முகத்தை இவள் அத்தனை நாள் பார்த்திருக்கிறாளே என்று.

"எதாவது பேசுவாரா அதுல?" என்று கேட்டேன்.

"கட் சொன்னதுக்கு அப்புறம் தினமும் ஒண்ணுதான் கேட்பாருக்கா. டீ வந்துடுச்சான்னு."

நானும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சிரித்துவிட்டோம். அவர் போன பிறகு வீட்டில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

பிறகு அவள் ஒன்று சொன்னாள். முகம் அந்த நடிகருடையதாக இருந்தாலும், அந்த முகம் அசைவதெல்லாம் இவர் அசைத்ததுதானாம். கண் எப்போது சிமிட்டுகிறது, புருவம் எப்போது சுருங்குகிறது, எல்லாமே இவர் செய்தது. அதன் மேல் அந்த நடிகரின் முகத்தைப் போர்த்தினார்களாம்.

"சிரிக்கறப்ப இவருக்கு இடது கன்னம்தான் முதல்ல ஏறும்" என்றாள்.

இருபது வருடம் நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது அது. இன்னொருத்தி வாயால் இப்போதுதான் கேட்கிறேன்.

"அந்த நடிகருக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் ஏறுமாம். எல்லா சிரிப்பையும் மாத்தச் சொன்னாங்க, மாத்தினேன். ஒரே ஒரு இடத்துல மட்டும் மாத்தலக்கா. பஸ்ல இருந்து குழந்தையைத் தூக்கி இறக்குவாரே, அங்க."

"ஏம்மா மாத்தல?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா. அழிக்க மனசு வரல. யாரும் கண்டுபுடிக்கவும் இல்ல."

என் மகள் தன் போனில் அந்தப் படத்தை எடுத்து அந்த இடத்துக்குக் கொண்டுபோனாள். அவசரத்தில் விரல் பட்டுப் படம் நின்றுவிட்டது. திரையில் அந்த நடிகர்தான் இருந்தார். "நிறுத்தாத. நிறுத்தினா தெரியாது. ஓடறப்ப பாரு" என்றாள் அந்தப் பெண்.

ஓடவிட்டாள். குழந்தையைக் கையில் வாங்கினார். இடது கன்னம் ஏறியது, கொஞ்சம் பொறுத்து வலது. அவ்வளவுதான், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. தியேட்டரில் அத்தனை முறையும் கையையே பார்த்துக்கொண்டிருந்ததில் இதைத் தவறவிட்டிருக்கிறேன். மகள் பிறந்த அன்று அவளைக் கையில் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாரே, அதே சிரிப்பு. மறுபடி போடச் சொன்னேன். மறுபடியும் போடச் சொன்னேன். அந்தப் பெண் என் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். போகும்போது, "இதுக்கு மேல என்னால எதுவும் தர முடியலக்கா" என்றாள். இதற்கு மேல் என்ன தர வேண்டும் என்று சொல்ல நினைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டு அனுப்பிவைத்தேன்.

இப்போது டிவியில் அந்தப் படம் போட்டால் அக்கம்பக்கத்தில் எல்லோரும், "எப்படித்தான் அவரை அப்படியே கொண்டு வந்தாங்களோ!" என்று ஆச்சரியப்படுகிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். அந்த நடிகரின் முகத்தின் மேல் எனக்கு இப்போது வருத்தம் இல்லை, என் மனிதரின் சிரிப்பைப் பத்திரமாக வைத்திருப்பது அந்த முகம்தானே. ஆனால் வாயைத் திறந்தால் வருவது யாரோ மிமிக்ரி கலைஞரின் குரல் என்பதால், பஸ் வந்து நின்றதும் சத்தத்தைச் சுத்தமாகக் கம்மி பண்ணிவிட்டு, அந்த ஒரு கன்னத்துக்காக மட்டும் காத்துக்கொண்டிருக்கிறேன்.