பேச்சி சேர்ந்த காம்பேட் டீம்

ஒரகடம் கூட்டு ரோட்டில் ஞாயிறு சாயந்திரம் தரையில் விரித்துத் துணி விற்பார்கள், பார்த்திருப்பீர்கள். போன வாரம் வீட்டுக்காரருக்கு அங்கே ஒரு பேன்ட் பார்த்தேன். இரண்டு பக்கமும் பை பையாக இருந்தது. "காம்பேட் பேன்ட்டுக்கா. ஆறு பாக்கெட்டு. அண்ணன் போட்டா மிலிட்டரி கணக்கா இருப்பாரு," என்றான் கடைக்காரன். ஆறு பையிலும் வைக்க அவரிடம் என்ன இருக்கிறது என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. என் சுபாவம் அப்படி.

துணியில் புதுக்கஞ்சி வாசனை. முதல் நாள் கம்பெனியில் கொடுத்த நீலச் சட்டையிலும் அதே வாசனைதான்.

பத்தாவது முடித்துவிட்டு, பிள்ளைப்பாக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய்வந்த காலம் அது. கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கொத்தாகக் கட்டும் வேலை. காம்பேட் என்ற அந்த இங்கிலீஷ் வார்த்தையை அங்கேதான் முதலில் பார்த்தேன். துரு எடுக்கும் மருந்து டப்பாவில் எழுதியிருந்தது. மீட்டிங்கில் மேனேஜர், வேஸ்டை காம்பேட் பண்ணணும் என்பார். அப்படியென்றால் என்னவென்று பேச்சியிடம் கேட்டேன்.

"சண்டதாம்ட்டி. இங்கிலீசுல போட்டா ரத்தம் வராது."

பேச்சி தென்காசிப் பக்கத்துக்காரி. லைனில் எனக்கு அடுத்து நின்று டேப் சுற்றுவாள். அவள் வாடகைக்கு இருந்த இடத்தில், குழாயடியில் தினமும் குடத்தோடு குடம் மோதும். அதற்கு யாரும் காம்பேட் என்று பெயர் வைக்கவில்லை. மதியம் என் டப்பாவில் கைவிட்டபடி, "மீன் கொழம்புன்னா நீ எனக்கு அக்கா. சாம்பாருன்னா நீ யாருன்னே தெரியாது," என்பாள். அந்தக் கம்பெனியில் நான் வாய்விட்டுப் பேசியது அவளிடம் மட்டும்தான்.

வீணாகும் நேரத்தை எதிர்க்க என்று 'காம்பேட் டீம்' ஒன்று ஆரம்பித்தார்கள். பேச்சி பேர் கொடுத்தாள். சட்டையில் குத்திக்கொள்ள சிவப்பு பேட்ஜ் தந்தார்கள்.

கொத்தின் முனையில் கிளிப் மாட்டுவது என் வேலை. கிளிப்புகளை முன்னாலேயே ரப்பர் பேண்டில் செருகி மணிக்கட்டில் போட்டுக்கொள்வேன். ஒவ்வொரு தடவையும் பெட்டிக்குக் கை போக வேண்டாம். மிச்சமாகும் நேரத்தில் கால் மாற்றி நிற்பேன், அவ்வளவுதான்.

"ஒனக்கு மட்டும் எப்படிட்டி கை சும்மா இருக்கு?" என்றாள் பேச்சி. காட்டினேன். மறுநாள் இன்னொரு தடவை மெதுவாகக் காட்டச் சொன்னாள். என்னிடமும் ஒருத்தி கற்றுக்கொள்கிறாளே என்று பெருமையாகக்கூட இருந்தது.

அந்தச் சனிக்கிழமை கேன்டீனில் பேச்சி மைக் பிடித்தாள். அவள் மணிக்கட்டில் ரப்பர் பேண்ட். இப்படிச் செய்தால் டேப் சுற்றுகிறவளே கிளிப்பையும் மாட்டிவிடலாம், தனி ஆள் வேண்டாம் என்றாள். திரையில் எங்கள் லைனின் படம். ஓரிடத்தில் பெருக்கல் குறி. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அது நான் நிற்கும் இடம் என்று பிறகுதான் உறைத்தது.

"நீ கான்ட்ராக்ட்தானேம்மா. திங்கள்லேர்ந்து வர வேணாம்," என்றார் சூப்பர்வைசர்.

பஸ் பக்கத்தில் பேச்சி நின்றிருந்தாள். "ஒன்ன வேற லைனுக்கு மாத்துவாவன்னு நெனச்சேம்ட்டி," என்றாள்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னா பேச்சி?"

"சொன்னா நீ காட்டிருப்பியா?"

பேச்சி பிறகு கல்யாணமாகி ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். கம்பெனியும் மூடி, அந்தக் கட்டடம் யாருடைய குடோனாகவோ ஆகிவிட்டது. நான் இப்போது இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கேன்டீனில் சப்பாத்தி போடுகிறேன். பக்கத்தில் நிற்கும் பெண் நல்லவள்தான். "எப்டிக்கா இவ்ளோ வேகமா போடற?" என்று நேற்று கேட்டாள்.

"பழக்கம்தான்," என்றேன். சொல்லிவிட்டு, என் கை அவளுக்குத் தெரியாதபடி கொஞ்சம் திரும்பி நின்றுகொண்டேன்.