இறந்த நடிகருக்கு நான் போட்ட ‘ஆம்’

செத்துப்போன சினிமாக்காரர்களின் வாழ்க்கை வரலாறு எழுதுவதைப் போல வசதியான தொழில் வேறு கிடையாது. மறுப்பு அறிக்கை விட அவர்கள் வரவே மாட்டார்கள். அப்படி நினைத்துத்தான் நானும் இதில் இறங்கினேன். புதுச்சேரி நெல்லித்தோப்பில் ஒரு மருந்துக்கடை மாடியில் இருக்கிற பதிப்பகத்துக்கு, தொண்ணூற்றாறு பக்கத்தில் ஒரு மனிதரைப் பிறக்கவைத்துச் சாகடித்துக் கொடுப்பேன். பஸ் ஸ்டாண்டு கடையில் பஸ் வரும்வரைக்கும் நீங்கள் அதில் ஒன்றைப் புரட்டியிருக்கலாம். அதில் ஒரு புத்தகத்துக்குச் செத்தவர் வரவில்லை, அவர் மகள் வந்தார். ஒரே ஒரு வரியால் அந்த அம்மாவிடமிருந்து நான் அவர் அப்பாவைப் பிடுங்கப் பார்த்தேன் என்பதுதான் விஷயம். அடுத்தவர் சொன்னதைக் கேட்டு எழுதி வயிறு வளர்க்கும் என் இனத்தவர்களே, நிருபர்களே, யூடியூப் சேனல்காரர்களே, இதையெல்லாம் உங்களைத் தவிர வேறு யாரிடம் நான் சொல்லிப் புலம்புவது?

உப்புச் சப்பில்லாத மனிதர்

பட்டாணி ஏகநாதன் என்று ஒரு சிரிப்பு நடிகர் இருந்தார். கதாநாயகனின் தோழனாக வந்து நாலு அடி வாங்கிக்கொண்டு போவார். அவர் இறந்து இருபது வருஷம் ஆகிறது. யாரிடம் விசாரித்தாலும் நேரத்துக்கு வருவார், வசனத்தை மறக்கமாட்டார், லைட் பிடிக்கிறவர்களோடு உட்கார்ந்து டிபன் சாப்பிடுவார் என்றுதான் சொன்னார்கள். நான் அதையே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பதிப்பாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “குடி இல்லையா? பொம்பள சமாச்சாரம்? கடைசில கஷ்டப்பட்டுச் சாகக்கூடவா இல்ல?” என்றார். தெரியாததை எப்படி எழுதுவது என்று கேட்டேன். அப்போதுதான் தொழில் ரகசியத்தைச் சொல்லிக் கொடுத்தார். நம் தமிழில் வினைச்சொல்லின் வாலில் ஒரு ‘ஆம்’ ஒட்டலாம். ‘குடித்தார்’ என்றால் யாராவது சட்டையைப் பிடிப்பார்கள். ‘குடித்தாராம்’ என்றால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். எனக்குச் சந்தேகம் தீரவில்லை என்று என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

“ ‘ஆம்’ போட்டுட்டா அது உன் வார்த்த இல்லய்யா, ஊர் வார்த்த. ஊர் மேல எவன்யா கேஸ் போடுவான்?”

காலாப்பட்டில் கிடைத்த ஆதாரம்

ஊர் வார்த்தையைத் தேடிக் காலாப்பட்டுக்குப் போனேன். ஏகநாதனுக்கு மேக்கப் போட்ட பெரியவர் ஒருவர் அங்கே மகன் வீட்டில் இருந்தார். மீன் வலை காய்கிற முற்றத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஏகநாதன் முகத்தில் எந்த இடத்தில் மரு இருந்தது என்பதுவரை சொன்னார். வேறென்ன, வேறென்ன என்று நான் நச்சரித்ததில், “சனிக்கெழம ஆனா ஷூட்டிங் இருக்காது அவருக்கு. காலைல மொத பஸ்ஸப் புடிச்சிப் பாண்டிச்சேரிக்கு வந்துடுவாரு. குடிக்கத்தான்” என்றார்.

அவர் குடித்ததை நீங்கள் பார்த்தீர்களா என்று ஒரு கேள்வி கேட்டேன். நல்ல கேள்விதான். பதிலைக் கேட்டுவிட்டுச் சிரித்தேனே, அதுதான் தப்பு. சனிக்கிழமை மெட்ராஸ் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களைப் பார்த்து நாங்கள் எல்லோரும் இப்படிப் பேசிச் சிரிக்கிறவர்கள்தானே! வீட்டுக்கு வந்து, ‘சனிக்கிழமை தவறாமல் புதுச்சேரிக்குக் குடிக்க வந்துவிடுவாராம்’ என்று எழுதினேன். ‘ஆம்’ அழகாக உட்கார்ந்துகொண்டது. பெரியவர் சொன்ன பதில் இதுதான்:

“நான் எங்கப்பா பாத்தேன்? சனிக்கெழம பாண்டிச்சேரிக்கு வர்றவன் வேற இன்னாத்துக்கு வருவான், நீயே சொல்லு.”

வாசகர்

புத்தகக் கண்காட்சியில் என் புத்தகத்தை ஒருவர் கையில் எடுத்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. பிறப்பு, நாடகக் கம்பெனி, முதல் படம் எல்லாவற்றையும் கட்டைவிரலால் சரசரவென்று தள்ளிவிட்டு, எழுதியவன் எதிரில் நிற்கிறான் என்று தெரியாமல் என்னிடமே கேட்டார்:

“அந்தச் சனிக்கிழமை மேட்டர் எந்தப் பக்கத்துல சார் வருது?”

ஜெர்மேன் டீச்சரின் சிவப்பு மை

புத்தகம் விற்றுத் தீர்ந்து இரண்டாம் பதிப்புக்குப் போனது. புரூஃப் பார்த்தவர் ஜெர்மேன் டீச்சர். பிரெஞ்சுப் பள்ளியில் தமிழ் நடத்தி ரிட்டயரானவர். ஒரு துணைக்கால், ஒரு ஒற்று விடமாட்டார். அவர் திருத்தியதை நான் திரும்பப் பார்ப்பதே மரியாதைக் குறைவு என்று நினைத்து, பார்க்காமலே அச்சுக்கு அனுப்பினேன். சோம்பேறித்தனத்துக்கு நான் வைத்த பெயர் அது.

அச்சாகி வந்த பிறகு நாற்பத்தோராம் பக்கத்தைப் பார்த்தேன். ‘சனிக்கிழமை தவறாமல் புதுச்சேரிக்குக் குடிக்க வந்துவிடுவார்.’ வாலைக் காணோம். புத்தகம் முழுக்க இருந்த முப்பது, நாற்பது ‘ஆம்’களையும் டீச்சர் களைபிடுங்கியிருந்தார். ஊர் வார்த்தை ஒரே நாளில் என் வார்த்தையாகிவிட்டது. பதறிப்போய் அவர் வீட்டுக்கு ஓடினேன். எந்த ஆணையும் பிரெஞ்சுப் பழக்கத்தில் ‘மிஸ்யே’ என்றே கூப்பிடும் டீச்சர் நிதானமாகச் சொன்னார்:

“வரலாறுன்னா உறுதியா எழுதணும் மிஸ்யே. நடந்துச்சா இல்லையான்னு நீங்களே இழுத்துக்கிட்டிருந்தா, படிக்கிறவங்க எப்படி நம்புவாங்க?”

லாஸ்பேட்டையிலிருந்து ஓர் அம்மா

ஒரு மத்தியானம் பதிப்பக மாடிக்கு ஐம்பது வயது தாண்டிய ஓர் அம்மா ஏறி வந்தார். கையில் ஹெல்மெட், கழுத்தில் அரசாங்க அலுவலகத்தின் அடையாள அட்டை. “நான் ஏகநாதன் பொண்ணு” என்றார்.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டுத் தப்பித்திருப்பேன். “அப்பா சனிக்கிழம பாண்டிச்சேரிக்கு வந்தது நெசம் சார். என்னைப் பாக்க வந்தாரு. அம்மா செத்துட்டாங்க. அப்பாவுக்கு மத்த நாளெல்லாம் ஷூட்டிங். அதனால என்னை இங்க சிஸ்டருங்க போர்டிங்ல விட்டிருந்தாரு. விசிட்டர் பெஞ்சில ஒக்காந்து என் சிநேகிதிங்களுக்கெல்லாம் மொகத்தக் கோணி வேடிக்கை காட்டுவாரு. பீச்சுக்குக் கூட்டினு போயி பன் வாங்கிக் குடுப்பாரு. சாயங்கால பஸ்ஸுக்குப் போயிடுவாரு. எனக்குன்னு அவர் குடுத்தது அந்தச் சனிக்கிழமங்கதான். அந்த வரிய மட்டும் எடுத்துடுங்க சார்” என்றார். அவர் ஆபீஸில் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்களாம். இந்த ‘ஆம்’ மட்டும் உண்மை.

கட்டாயம் எடுத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் படியிறங்கியதும் பதிப்பாளரிடம் போனேன். விற்கிறதே அந்த வரிதான் என்பது அவர் கணக்கு. தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். மனசு இளகுகிறது என்று நினைத்தேன்.

“வரிய எடுக்க முடியாதுய்யா. வேணும்னா அந்த ‘ஆம்’ஐத் திரும்பப் போட்டுக் குடுத்துடறேன்னு சொல்லு.”

ஆதாரம் இல்லாமல் எழுதாதவர்

இதற்குள் சென்னையில் ஒருவர் ஏகநாதனைப் பற்றித் தடிமனாக ஒரு புத்தகம் போட்டுவிட்டார். அதிலும் சனிக்கிழமை இருந்தது. கூடவே எந்தச் சரக்கு, எத்தனை ரவுண்டு என்றெல்லாம் வேறு. எனக்கு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு விநாடி நிம்மதியாக இருந்தது. நமக்குத் தெரியாத சாட்சி யாரோ அவருக்குக் கிடைத்திருக்கிறார்கள், அப்படியானால் நான் எழுதியது பொய்யில்லை என்று. உடனே போன் போட்டு, யார் சொன்னார்கள் என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது:

“நீங்களே இப்படிக் கேட்டா எப்படி சார்? உங்க புத்தகம்தான், பக்கம் நாற்பத்தொண்ணு. ஆதாரம் இல்லாம ஒரு வரி எழுதமாட்டேன் நான்.”

மூன்றாம் பதிப்பு

அன்று போனை வைத்துவிட்டு நான் அழுதேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், அழத்தான் செய்தேன். மறுநாளிலிருந்து பதிப்பாளரைப் பிடித்த பிடியை விடவில்லை. அடுத்த இரண்டு புத்தகம் எழுதமாட்டேன் என்று மிரட்டினேன். ஏழு மாதம் கழித்து இறங்கி வந்தார். மூன்றாம் பதிப்பில் அந்த வரி போய், ‘சனிக்கிழமைதோறும் விடுதியில் படித்த மகளைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வருவார்’ என்று வந்தது. பெஞ்சு, பீச்சு, பன் எல்லாவற்றையும் சேர்த்தேன். டீச்சர் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை.

மை வாசனை போகாத பிரதியை எடுத்துக்கொண்டு லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அந்த அம்மா காபி கொடுத்துவிட்டு, நாற்பத்தோராம் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். “நல்லா எழுதிருக்கீங்க சார்” என்றார். என் தோளிலிருந்து மூட்டை இறங்கியது போல இருந்தது. கிளம்ப எழுந்தேன். அவர் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

“அப்பா வரும்போதெல்லாம் கிராம்பு மென்னுகினேதான் வருவாரு சார். கிட்ட குனிஞ்சி பேசுனா அந்த வாசனைதான் அடிக்கும். இத்தினி வருஷமா குழம்புக்குக் கிராம்பு வறுத்தாலே எனக்கு அப்பா வந்துட்ட மாதிரி இருக்கும். இப்பதான், எதுக்கு மென்னாரு, வேற ஏதாச்சும் வாசனைய மறைக்கவான்னு யோசன வருது.”

ஆதாரமில்லாமல் எழுதிய ஒரு வரியைப் புத்தகத்திலிருந்து எடுக்க எனக்கு ஏழு மாதம் பிடித்தது. அந்த அம்மாவின் மனசிலிருந்து எடுக்க எந்த அச்சகத்தைப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்தால், சக தொழிலாளிகளே, தயவுசெய்து எனக்கு ஒரு கடுதாசி போடுங்கள்.