கன்னத்தில் போட்டுக்கொள்ள வைத்த அலாரம்

இரண்டு வாரத்துக்கு முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, திண்டிவனம் பக்கத்தில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையின் கன்ட்ரோல் ரூமில் நான்கு பேரைக் கன்னத்தில் போட்டுக்கொள்ள வைத்தேன். அதில் ஒரு ஆள் நானே.

பக்தி முற்றிப்போய் அல்ல. எல்லாம் நான் செய்த வேலையின் லட்சணம்.

இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். விழுப்புரத்தில் ரயில் ஏறிச் சென்னைக்குப் போய், சாஃப்ட்வேர் திரைகளை மனிதர்களுக்குப் புரிகிற மாதிரி வடிவமைக்கும் குழுவுக்குத் தலைமை தாங்குகிறேன். "பட்டனுக்குக் கலர் அடிக்கிற வேலைதானே?" என்பார் என் வீட்டுக்காரர். அவரிடம் இதையெல்லாம் விளக்குவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது.

எங்கள் கம்பெனி பாதுகாப்பு சாஃப்ட்வேர் விற்கிறது. கேமராவுக்கு ஒன்று, கதவுப் பூட்டுக்கு ஒன்று, கேட்டில் யார் வந்தார், போனார் என்று பதியும் கேட் என்ட்ரிக்கு ஒன்று, தீப்பிடித்தால் கத்த ஒன்று, கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தால் அலற ஒன்று… மொத்தம் ஏழு. ஏழும் ஏழு கம்பெனிகள் செய்தவை. எங்கள் முதலாளிகள் விலைக்கு வாங்கிச் சேர்த்தவை. ஏழுக்கும் ஏழு பாஸ்வேர்டு, ஏழு குணம். "எல்லாவற்றையும் ஒரே திரைக்குள் கொண்டுவா" என்று என் தலையில் கட்டினார்கள்.

எடுத்த எடுப்பில் இந்தத் தொழிற்சாலைக்குத்தான் போனேன். ஏழு மானிட்டருக்கு நடுவே ஒருவர் உட்கார்ந்திருந்தார் — மெஹருன்னிசா. கோட்டக்குப்பத்துப் பெண். கணவர் குவைத்தில். மகள் படிப்புக்காகத் திண்டிவனத்தில் வாடகை வீடு.

ஆப்பிள் பழத்தில் ஒட்டி வருமே, குட்டி ஸ்டிக்கர்… அது மூன்று மானிட்டர்களின் மூலையில் ஒட்டியிருந்தது.

"இது எதுக்குங்க?" என்றேன்.

"இந்த மூணுல செவப்பு வந்தா நல்லது மேடம். மத்த நாலுல செவப்பு வந்தா ஆபத்து. மறந்துடுமேன்னு ஒட்டிக்கினேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிஜம்தான். கதவு சாஃப்ட்வேரில் சிவப்பு என்றால் பூட்டியாச்சு, பச்சை என்றால் திறந்திருக்கிறது. தீ சாஃப்ட்வேரில் சிவப்பு என்றால் ஓடு! எந்தப் புண்ணியவான்கள் செய்தார்களோ, ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவே இல்லை.

நான் போவதற்குக் கொஞ்ச நாள் முன்பு அந்த ஸ்டிக்கர்களில் ஒன்று உதிர்ந்துபோனதாம். அன்றைக்கு ஸ்டோர் ரூம் பின்கதவு பச்சையாக மினுங்கியது. பச்சைதானே, நல்லதுதான் என்று மெஹருன்னிசா இருந்துவிட்டார். திறந்து கிடந்த கதவு வழியே இரண்டு ஆடுகள் நுழைந்து, கிரீம் பிஸ்கட் பெட்டிகளை ஒரு கை பார்த்துவிட்டன. ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மெஹருன்னிசாவுக்கு மெமோ வந்தது. இன்னொரு மெமோ வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"வேலை போனாக்கூட வேற பார்த்துக்கலாம் மேடம். கவனம் இல்லாதவன்னு எழுதிட்டாங்க பாருங்க… ஏழு பொட்டியையும் முழிச்சிப் பார்த்துக்கினு கீறேன், என்னைப் போயி! அதான் பேஜாரா கீது."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. தப்பு செய்தது எங்கள் திரை, மெமோ வாங்கியது அவரா?

சென்னைக்குத் திரும்பி வேலையைத் தொடங்கினோம். ஏழுக்கும் ஒரே பாஸ்வேர்டு. எங்கே சிவப்பு வந்தாலும் ஆபத்து, பச்சை வந்தால் பத்திரம். கேட் என்ட்ரிக்குப் பக்கத்திலேயே கதவு, கதவுக்குப் பக்கத்திலேயே அலாரம். ஏழு விதமாக அலறிய அலாரங்களை ஒரே சத்தமாக்கினேன். அந்தச் சத்தத்தைத் தேர்ந்தெடுக்க ஏசி அறையில் எத்தனை கூட்டம் போட்டேன் தெரியுமா? அதட்டாத, காதுக்கு இதமான, வெண்கல மணிச் சத்தம்… கணகணகண.

மெஹருன்னிசாவிடம் போட்டுக் காட்டினேன்.

"நல்லாத்தான் கீது மேடம். ஆனா…"

"பழகிடும்ங்க!" என்று சொல்லிவிட்டு அடுத்த திரைக்குத் தாவினேன். பயன்படுத்துகிறவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று என் குழுவுக்கு வாராவாரம் வகுப்பெடுப்பவள் நான்!

சோதனை நாள் வந்தது. ஹெட் ஆபீஸ் ஆள் ஒருவர் மதியத்துக்குள் ஏதாவது ஒரு கதவைத் திறப்பார். எது, எப்போது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு நிமிஷத்துக்குள் மெஹருன்னிசா கண்டுபிடித்தால் பழைய மெமோ ரத்து. தவறினால் இரண்டாவது மெமோ. கன்ட்ரோல் ரூமில் செக்யூரிட்டி மேனேஜர் தனசேகர், இரண்டு சூப்பர்வைசர்கள், அப்புறம் நான். தனசேகர் ராணுவத்தில் இருந்தவர். அவர் மீசையைப் பார்த்தால் கதவுகள் தாமாகவே பூட்டிக்கொள்ளும்.

மணி பதினொன்று. கணகணகண!

தொழிற்சாலை கேட்டுக்குள் ஒரு பிள்ளையார் கோயில் உண்டு. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் பூஜை, பிறகு சுண்டல். மேனேஜர் சட்டென்று எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சூப்பர்வைசர்களும். அவர்களைப் பார்த்து நானும். சத்தியமாகச் சொல்கிறேன்… நானே தேர்ந்தெடுத்த மணி, எனக்கே அடையாளம் தெரியவில்லை! மெஹருன்னிசாவுக்கு நல்லபடியாக முடியணும் பிள்ளையாரே என்று வேண்டுதல் வேறு.

முதுகுக்குப் பின்னால் வாக்கி டாக்கி கரகரத்தது.

"ஸ்டோர் ரூம் பின்கதவு தொறந்து கீது. ஜல்தி போய்ப் பூட்டுங்க!" என்றார் மெஹருன்னிசா.

"பூஜை நேரத்துல இன்னாம்மா சத்தம்?" என்றார் மேனேஜர், கண்ணைத் திறக்காமல்.

"பூஜையா? பூசாரி இன்னும் கேட்டே தாண்டல சார். இதோ கேட் என்ட்ரி, அலாரத்துக்குப் பக்கத்துலயே கீது பாருங்க. அவரு வராம மணி யாரு சார் அடிப்பாங்க?"

நாங்கள் நால்வரும் கன்னத்திலிருந்து கையை எடுக்கவே கொஞ்சம் நேரமானது. பூசாரியின் வண்டி வழியில் பஞ்சராம். மெஹருன்னிசாவுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

மெமோவை மேனேஜர் தன் கையாலேயே கிழித்தார். துண்டுகளை மெஹருன்னிசா கேட்டு வாங்கி ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டார். "எங்க ஊட்டுக்காரருக்கு வீடியோ கால்ல காட்டணும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்?

கிளம்பும்போது தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அன்னைக்கு 'ஆனா'ன்னு ஆரம்பிச்சீங்களே… இதைத்தான் சொல்ல வந்தீங்களா?"

"ஆமா மேடம். நீங்க எங்க முடிக்க உட்டீங்க?"

ஏழு சாஃப்ட்வேரை ஒன்றாக்கியவளுக்கு ஒரே ஒரு வாக்கியத்தை முழுசாகக் கேட்கப் பொறுமை இல்லை. நம்மில் பலருக்கும் அப்படித்தானே? அடுத்தவர் 'ஆனா' என்றதும் நம் காது மூடிக்கொள்கிறது.

"சரி, வேற எந்தச் சத்தம் வைக்கலாம்? நீங்களே சொல்லுங்க."

"ஹாரன் வாணாம், லாரி வரும். விசில் வாணாம், வாட்ச்மேன் ஊதுவாரு. ஆடு கத்தற சத்தம் வைங்க. மேனேஜர் சார் எங்க இருந்தாலும் ஓடியாருவாரு."

சிரித்தேன். பிறகு வைத்துவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை நிஜப் பூஜை மணி அடித்ததும், பழைய நினைப்பில் அதை அலாரம் என்று நினைத்து மேனேஜர் ஸ்டோர் ரூமுக்கு ஓடினாராம். வாக்கி டாக்கியில் மெஹருன்னிசாதான் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்: "பூசாரி உள்ள வந்துட்டாரு சார். இது சாமி மணிதான். நிம்மதியா கும்பிடுங்க."

பிள்ளையாரைக் கும்பிடக்கூட அங்கே இப்போது கன்ட்ரோல் ரூம் அனுமதி வேண்டியிருக்கிறது!