இடைவாருக்குக் கீழே

இவரைப் பற்றி நான் நேரில் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே எழுதுகிறேன். ஊகித்து ஒன்றைச் சேர்த்தாலும் அது இவரை அவமதிப்பதாகும்.

மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலை ஆலையொன்றில் கொழுந்து நிறுப்பவர். ஒடிசலான உடல், உறக்கம் போதாத கண்கள். எவரைக் கண்டாலும் முகத்தைப் பார்க்கும் முன் சட்டைப் பொத்தான்களையே பார்ப்பார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடதரப்புக் காலாட்படையினருக்கு வழங்கப்பட்ட மேற்சட்டைகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவந்தார். அமெரிக்கப் பதிப்பாளர் ஒருவர், ஒரு படைப்பிரிவின் சட்டையை நூலொன்றுக்கு வரைந்து தரக் கேட்டிருந்தார். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் இருந்த இவருடைய லைன் வீட்டுக்கு நான் சென்ற மாலையில்தான் கெடு முடிந்தது. கிடைத்த நிழற்படங்களிலெல்லாம் வீரர்கள் இடைவார் கட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே எத்தனை பொத்தான்கள் என்பது மட்டும் அகப்படவில்லை.

“ரெண்டு பொத்தானப் போட்டு அனுப்புங்க லா. செத்த சோல்ஜரு எந்திரிச்சு வந்து எண்ணவா போறான்?” என்றார் அவர் மனைவி.

“வரமாட்டான். அதனாலதான் போட முடியல.”

அவ்விடத்தை வெறுமையாக விட்டு, ‘தெரியவில்லை’ என ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினார். பின்பு சுவரில் தலை சாய்த்துக் கண்களை மூடிக்கொண்டார்.

அந்தப் படம் அச்சேறியதா என்பதை நான் அறியேன்.