சுத்திப் பாக்கறதுக்குங்க

கால்களை நீட்டி உட்கார்ந்து, சேலையை முழங்காலுக்கு மேல் சொருகி, பக்கத்து வீட்டுப் பச்சைக் குழந்தையைக் கால்கள்மேல் படுக்க வைத்திருக்கிறார் சௌந்திரம். இடது உள்ளங்கையைக் குழந்தையின் நெற்றியில் கவிழ்த்துக்கொண்டு வலது கையால் வெந்நீர் ஊற்றுகிறார். ஒரு சொட்டுக்கூடக் கண்ணில் விழாது. குழந்தை வீறிட்டால், "அழு சாமி, நெஞ்சு விரியட்டும்" என்பார். கொண்டப்பநாயக்கன்பட்டியில் அவர் காலில் குளித்து வளராத பிள்ளைகள் குறைவு. இதற்குக் கூலி என்று யாராவது பேச்செடுத்தால் மறுநாள் அந்த வீட்டுப் பக்கமே போகமாட்டார்.

ஏற்காட்டு மலைப்பாதை தொடங்கும் இடத்தில் அவருக்கு ஒரு பழக்கடை. எலுமிச்சம்பழத்தை இரண்டிரண்டாகத்தான் நீட்டுவார். "மோந்து பாக்க ஒன்னு, டயருக்கு ஒன்னுங்க." ஊரையே ஏற்காட்டுக்கு ஏற்றி அனுப்புகிறவர், தான் ஒருமுறைகூட மேலே போனதில்லை. கேட்டால், "சும்மா சுத்திப் பாக்கறதெல்லாம் சோம்பேறிக பொழப்புங்க" என்று சொல்லிவிட்டு, அதே சோம்பேறிகளுக்குக் கொய்யாக்காயில் மிளகாய்த்தூள் தடவிக் கொடுப்பார்.

அவருடைய ஒரே மகள் கிருத்திகா அமெரிக்காவில் தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்தாள். தாய்வீட்டுக்கு வந்து பெற்றுக்கொள்வதுதான் முறை. வந்தால், திரும்பிப் போக விசா முத்திரைக்கு எத்தனை மாதம் காத்துக் கிடக்க வேண்டுமோ யாருக்கும் தெரியவில்லை. ஆகவே தாய்வீடே விமானம் ஏறிப் போவது என்று முடிவாயிற்று. "நீ பக்கத்துல இருந்தாத்தான் எனக்குத் தைரியம்மா" என்று மகள் போனில் அழுதாள்.  சௌந்திரம் அன்றைக்கே சுக்கும் பெருங்காயமும் வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டார்.

அஸ்தம்பட்டியில் ஒரு மாடியில் விசா ஆலோசனை சொல்கிறவர் தமிழரசு. நேர்காணல் ஒத்திகைக்கென்று மேசைமேல் ஒரு கண்ணாடிப் பலகையை நிறுத்தி, அதன் பின்னால் உட்கார்ந்தால் வெள்ளைக்கார அதிகாரி ஆகிவிடுவார். அமெரிக்காவை அவரும் பார்த்ததில்லை. என்றாலும் கண்ணாடி நல்ல கண்ணாடி.

"இப்பல்லாம் சலிச்சு எடுக்கறாங்கக்கா. பேஸ்புக் வரைக்கும் நோண்டறாங்க."

சௌந்திரத்தின் பேஸ்புக்கில் ரோஜாப்பூவும் காலை வணக்கமும் தவிர வேறெதுவும் கிடையாது. தமிழரசு ஒவ்வொரு ரோஜாவையும் பெரிதாக்கிப் பார்த்தார். ஒரு வல்லரசின் பாதுகாப்பு என்றால் சும்மாவா.

"எதுக்குப் போறீங்கன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"என்ற மகளுக்குப் பேறு பாக்கறதுக்குங்க."

"அதச் சொல்லவே கூடாது. புள்ளையப் பாத்துக்கறேன்னா வேலைக்கு வாரீங்கன்னு நெனச்சுக்குவாங்க. சுத்திப் பாக்கறதுக்குன்னு சொல்லோணும்."

மகள் பெற்ற பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றினால் அது உத்தியோகம். அருவிக்கு முன்னால் நின்று பல்லைக் காட்டினால் அது முறையான பயணம். சௌந்திரம் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். பிறகு கடையில் எலுமிச்சையை அடுக்கும்போதெல்லாம், "சுத்திப் பாக்கறதுக்குங்க, சுத்திப் பாக்கறதுக்குங்க" என்று சொல்லிப் பழகினார். சொல்லும்போதெல்லாம் யாருக்காவது கேட்டுவிட்டதா என்று கூச்சத்தோடு திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நிஜக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி. பக்கத்தில் தமிழில் கேட்டுச் சொல்ல ஓர் ஆள்.

"எதுக்காகப் போறீங்க?"

"சுத்திப் பாக்கறதுக்குங்க."

தமிழரசு இருந்திருந்தால் கைதட்டியிருப்பார்.

"எங்கே தங்குவீங்க?"

"மக ஊட்லங்க."

"அத்தனை மாசமும் மகள்தான் உங்க செலவைப் பார்த்துக்குவாங்களா?"

அங்கேதான் சுருக்கென்று தைத்தது. சம்பந்தி வீட்டிலேயே ஒருவேளைச் சோற்றுக்குப் பதிலாகப் பாத்திரம் கழுவிவைத்துவிட்டு வருகிற மனுஷி. அவரைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி.

"ஏனுங்க, நான் சும்மா உக்காந்து திங்கற ஆளில்லீங்க. சமைப்பேன், தொவைப்பேன், புள்ளைக்கு நாந்தான் தண்ணி வாக்கோணும். ஒரு வேலை மிச்சம் வைக்கமாட்டேன்."

தமிழ் தெரிந்தவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு ஒன்றுவிடாமல் எடுத்துச் சொன்னார். சௌந்திரத்தின் மானம் காப்பாற்றப்பட்டது, விசா மறுக்கப்பட்டது. அதிகாரி புன்னகையோடுதான் தாளை நீட்டினார், மரியாதையில் ஒரு குறையுமில்லை.

"பொய் சொல்ற வரைக்கும் தலையாட்டிட்டு இருந்தாங்க. நெசஞ் சொன்னதும் போகச் சொல்லிட்டாங்க" என்று இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்கிறார்.

தமிழரசு தளரவில்லை. "ஏற்காட்டுக்குப் போய் நாலு போட்டோ எடுத்து பேஸ்புக்ல போடுங்கக்கா. சுத்தற ஆளுன்னு அடுத்த தடவை நம்புவாங்க." சௌந்திரம் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாரேனுங்க" என்று படியிறங்கினார். சுக்கும் பெருங்காயமும் இன்னும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன.

பேத்தி பிறந்தாள். தொப்புள்கொடி விழுந்து முதல் தலைக்குளியல். இங்கே சாயங்காலம், அங்கே காலை. தண்ணீர் டிரம்மில் சாய்த்துவைத்த செல்போனில் மாப்பிள்ளை நந்தகுமார் நீட்டிய கால்கள்மேல் குழந்தையைக் கிடத்திப் பிடித்திருக்கிறார். பின்னால் கிருத்திகா, கட்டிலில் படுத்தபடியே கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

"பயமா இருக்குங்க அத்தை. கண்ணுல விழுந்துட்டா?"

"விழாதுங்க மாப்பிள்ள. என்ற கையப் பாத்துட்டே செய்யுங்க."

சௌந்திரம் துவைக்கிற கல்லருகே உட்கார்ந்தார். சேலையைச் சொருகிக் கால்களை நீட்டினார். வெந்நீரில் விரல் விட்டுப் பதம் பார்த்தார். வெறும் காலின்மேல் இடது உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்து, அதற்கு மேலே மெதுவாகத் தண்ணீர் ஊற்றினார்.