கோபு சாமி இழுத்த இழுப்பு

கோபு சாமியை எனக்கு ஆறு வருடமாகத் தெரியும். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் வீடு. இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முட்டி வலிக்கு வைத்தியம் பார்க்க வாரம் இரண்டு நாள் என் ஆட்டோவில் பாலக்கரைக்குப் போய் வருவார்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். ரெங்கநாதரைக் கும்பிட்டுவிட்டுத்தான் வண்டியில் சாவி போடுவேன். வண்டியில் சாமிப் பாட்டுதான் ஓடும். ஒருநாள் அவர் ஒரு பென் டிரைவை நீட்டினார்.

"வீரமலை, இதுல ஒரே ஒரு பாட்டு இருக்கு. காலேஜ்ல படிக்கறச்சே கேட்ட இங்கிலீஷ் பாட்டு. உங்க வண்டியில போடலாமா?"

"வீட்டுல கேக்கலாமே சாமி?"

"ஆத்துல போட்டா மைத்ரேயி கோச்சுக்கறா. கல்யாணத்துக்கு முன்னாடி எவளையோ நினைச்சுக் கேட்டதுன்னு அவளுக்குச் சந்தேகம். அப்படி ஒருத்தி இல்லவே இல்லை. சொன்னா நம்பணுமே."

காவேரிப் பாலம் ஏறும்போது பாட்டு ஒற்றைக் கிடாரில் ஆரம்பிக்கும். பாலம் இறங்கும்போது டிரம்ஸ் சேர்ந்து இடிக்கும். கடைசியில் பாடுகிறவன் ஒரு சொல்லை மேலே இழுத்து, அங்கேயே கொஞ்சம் நிறுத்தி, மெல்ல இறக்குவான். அந்த இடத்தில் சாமி கண்ணை மூடிக்கொள்வார். நான் ஹாரன் அடிக்க மாட்டேன்.

எனக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆனாலும் சாமி இல்லாத நாளிலும் போட ஆரம்பித்தேன். காலேஜ் பிள்ளைகள் கூடவே பாடினார்கள். அவர்கள் பிறப்பதற்கு எத்தனையோ வருடம் முன்னால் வந்த பாட்டு. மீன் கூடையோடு ஏறிய ஒரு அம்மா, இறங்கும் இடம் வந்த பிறகும், "இரு தம்பி, முடியட்டும்" என்று உட்கார்ந்திருந்தார். இதில் என்னதான் இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை.

கோபு சாமிக்கு இன்னொரு ஆசையும் உண்டு. அவர் தெருவிலேயே ஜகன்னாத் சாமி வீட்டுக் கூடத்தில் சனிக்கிழமை சாயங்காலம் பதினைந்து பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பாசுரம் சொல்வார்கள். கோஷ்டி என்பார்கள். ராகம் போடக் கூடாது. எல்லார் குரலும் ஒரே குரலாக, நேராகப் போக வேண்டும். ஓய்வு பெற்றபின் இரண்டு வருடம் பாடம் கேட்டு, போன தை மாதம்தான் இவருக்கு அங்கே இடம் கிடைத்தது. அந்தச் செய்தியைச் சொன்ன அன்று மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் இறங்கிப் போனார்.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை அது நடந்தது. ஒரு பாசுரத்தின் கடைசிச் சொல்லை எல்லாரும் நிறுத்திய பிறகும் இவர் குரல் மட்டும் மேலே ஏறி, நின்று, மெல்ல இறங்கியிருக்கிறது. அந்த வெள்ளைக்காரனின் அதே இழுப்பு.

"ஸ்வாமி, இது கச்சேரி இல்லை. நாலு வாரம் ஆத்துலயே பாசுரம் சேவிச்சுட்டு அப்புறம் வாங்கோ. மறுபடி இழுத்தேள்னா கோஷ்டில உக்கார வேண்டாம்" என்று ஜகன்னாத் சாமி சொல்லிவிட்டார்.

இதை என்னிடம் சொல்லிவிட்டு, கோபு சாமி பென் டிரைவைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு பாலத்தில் பழையபடி சாமிப் பாட்டுதான் ஓடியது. நான்காவது வாரம் அவரே பேச்சை எடுத்தார்.

"நான் விட்டுட்டேன். அது என்னை விடலை வீரமலை. குளிக்கறச்சே வரது, சந்தியாவந்தனம் பண்றச்சே வரது. அந்த இழுப்பு மட்டும்தான். பாதியில ஆரம்பிச்சுப் பாதியில நிக்கறது. நாளன்னிக்குக் கோஷ்டி. பயமா இருக்கு."

"ஒண்ணு சொல்லட்டுங்களா சாமி? பாதியில நிக்கறதாலதான் சுத்துதோ என்னவோ. முழுசாக் கேட்டுட்டா அடங்கிடும்."

"இது எந்தச் சாஸ்திரத்துல இருக்கு?"

"மீன்காரம்மாவைப் பாத்துத் தோணிச்சுங்க. முடிஞ்சதும் நிம்மதியா இறங்கிப் போச்சு."

அவர் சிரிக்கவில்லை. யோசித்தார்.

சனிக்கிழமை, நடந்து போகிற தூரத்துக்கு என் ஆட்டோவை வரச் சொன்னார். பென் டிரைவை அவரே மறுபடி செருகினார். அடையவளைந்தான் வீதியை இரண்டு முறை சுற்றினோம். பாட்டு முதலிலிருந்து கடைசிவரை இரண்டு முறை ஓடியது. அப்போதுதான் கேட்டேன்.

"இதுல என்ன சொல்றான் சாமி?"

"போறதுக்கு முன்னாடி ஒருதரம் திரும்பிப் பாருன்னு காதலிச்சவகிட்ட கேக்கறான். அவ்வளவுதான்."

"அவ பாத்தாளா?"

"அது பாட்டுல இல்லையே."

"அதான் நாப்பது வருசமாத் திரும்பத் திரும்பக் கேக்கறீங்களா?"

"இருக்கும். நான் இதை யோசிச்சதில்லை" என்றபடி ஜகன்னாத் சாமி வீட்டு வாசலில் இறங்கி உள்ளே போனார்.

எனக்கு வண்டியை எடுக்க மனம் வரவில்லை. பெருமாளே, இவர் வாயைக் காப்பாற்று என்று வேண்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் கைகூப்பி நின்றேன். ஒன்றன்பின் ஒன்றாகப் பாசுரங்கள் போயின. அந்தப் பாசுரமும் வந்தது. கடைசிச் சொல்லில் பதினைந்து குரலும் ஒன்றாக நின்றன. கோபு சாமி குரலும் நின்றது.

அந்த நிம்மதியில், வாசலில் ஒரு குரல் மேலே ஏறி, நின்று, மெல்ல இறங்கியது. என்னுடையதுதான்.

கூடத்தில் இருந்த தலை எல்லாம் திரும்பின.

"யாரது?" என்றார் ஜகன்னாத் சாமி.

"நம்ம ஆட்டோ வீரமலை" என்றார் கோபு சாமி. "அவருக்கு நாலு வாரம் போறாது ஸ்வாமி."