மேல்கதவைத் திறந்தது யார்

எங்கள் தோட்டத்துத் துரையின் தாத்தா, குளிர் தேசத்தில் வீடுகளுக்குச் சூடு ஏற்றிக் கொடுக்கும் தொழில் செய்தவர் என்று அப்பா ஒரு நாள் மத்தியானம் வந்து சொன்னபோது அம்மா அதை நம்பவில்லை. "வீட்டுக்கு எதுக்குங்க சூடு ஏத்தணும்? மேல தகரத்தைப் போட்டா தன்னால ஏறப் போவுது," என்றாள். தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் எங்கள் வீட்டுக்கும் தகரக் கூரை. அதன் அடியில் பகல் முழுக்க வெந்துகொண்டிருந்தவளுக்கு இந்த உலகத்தில் சூடு பற்றாமல் தவிக்கும் மனிதர்கள் இருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

இது மலாய் நாட்டுக்கு ஜப்பான்காரர்கள் வருவதற்குப் பல வருடங்களுக்கு முந்தைய கதை. லாயாங் லாயாங் ஸ்டேஷனில் இறங்கி, மாட்டுவண்டியில் ஒரு மணி நேரம் ரப்பர் மரங்களுக்குள்ளேயே போனால் எங்கள் தோட்டம் வரும். அப்பாவுக்குப் பால் வெட்டும் வேலை இல்லை. அவர் புகைக்கூடத்துக்காரர். உறைந்த ரப்பர் பாலை மெஷினில் கொடுத்துத் தகடாக்கி ஈரம் சொட்டச் சொட்டக் கொண்டுவருவார்கள். அதை நாங்கள் சீட்டு என்போம். அந்தச் சீட்டுகளை மூங்கில் கம்புகளில் வரிசை வரிசையாகத் தொங்கவிட்டு, புகையிலும் சூட்டிலும் காயவைக்க வேண்டும். வெள்ளையாக உள்ளே போன சீட்டு சில நாளில் தேன் நிறத்தில் வெளியே வந்தால் வேலை சுத்தம்.

சுத்தமாக வந்ததே இல்லை என்பதுதான் சங்கடம். கூடத்தின் நடுவில் ஒரு குழி, அதில் ரப்பர் கட்டை எரியும், மேலே ஓட்டை போட்ட இரும்புத் தகடு கவிழ்த்திருக்கும். குழிக்கு மேலே தொங்கிய சீட்டுகள் வெந்து இளகின. மூலையில் தொங்கியவை பூஞ்சணம் பிடித்தன. அப்பா இரண்டுக்கும் நடுவில் கம்புகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு புகைக்குள் போவதும் வருவதுமாக இருப்பார். அவருடைய கண்கள் பிறவியிலேயே சிவப்பு என்றுதான் நான் எண்ணியிருந்தேன்.

ஒரு மழைமாதத்தில் சீட்டு ஒன்று கம்போடு நழுவிக் குழியில் விழுந்து பற்றிக்கொண்டது. பாதிக் கூரை போயிற்று. அப்பா கொக்கியால் இழுத்துப்போட்டு மீதியைக் காப்பாற்றினார். துரை வந்து பார்த்தார். அவர் தமிழைப் புத்தகம் வைத்துப் படித்தவர். ஆளுக்கு ஆள் மரியாதையை மாற்ற வேண்டும் என்கிற பாடம் வருவதற்குள் புத்தகத்தை மூடிவிட்டார் போலிருக்கிறது. கிழவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தம் நாய்க்கும் ஒரே 'நீ'தான்.

"இன்னும் ஒரு முறை நெருப்பு வந்தால், நீ இந்தத் தோட்டத்தில் இல்லை," என்றார்.

வேலை போனால் லயத்து வீடும் போகும். அன்று சாயங்காலம் அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த எல்லாவற்றையும் எடுத்து, மறுபடி மடித்து, திரும்ப உள்ளேயே வைத்தாள். எதற்கு என்று நான் கேட்டேன். "பூச்சி இருக்கான்னு பாத்தேன்," என்றாள்.

ஆனால் துரையும் அந்த நெருப்பை யோசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒரு வாரம் கழித்து ஒரு பழைய புத்தகத்தோடு வந்தார். அதில் ஒரு படம். மாடி வீடு ஒன்றைப் பலாப்பழத்தைப் பிளப்பதுபோல் நடுவில் பிளந்து காட்டியிருந்தார்கள். வீட்டுக்கு அடியில் ஒரு நிலவறை, அதில் செங்கல் பெட்டிக்குள் இரும்பு அடுப்பு. வெளியிலிருந்து வரும் குளிர்காற்று இரும்பைத் தொட்டுச் சூடாகிக் குழாய் வழியே ஒவ்வோர் அறைக்கும் ஏறியது. துரையின் தாத்தா சிறுபிள்ளையாக இருந்தபோது அடுப்பு வீட்டுக் கூடத்தின் நடுவிலேயே இருந்ததாம். பக்கத்தில் இருந்தவர்கள் வெந்தார்கள், மூலையில் இருந்தவர்கள் நடுங்கினார்கள், எல்லார் கண்ணிலும் புகை. தாத்தா வளர்ந்து அடுப்பைக் கீழே இறக்கினார், செங்கல் கட்டினார், குழாயைப் பெரிதாக்கிப் பார்த்தார், சிறிதாக்கிப் பார்த்தார். பள்ளிக்கூடம், கோயில் என்று ஊர் ஊராகச் சூடு ஏற்றிக்கொண்டே ஆயுளைக் கழித்தார்.

"நம்ம பொகைக்கூடம் கதைதான் அங்கயும்," என்றார் அப்பா வீட்டுக்கு வந்து.

அந்த அறைகளில் என்னத்தைக் காயவைப்பார்கள் என்று நான் கேட்டேன். அப்பா கொஞ்சம் யோசித்து, "மனுசங்களத்தான்," என்றார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. வெள்ளைக்காரர்களும் சீட்டு மாதிரி வெள்ளையாகப் பிறந்து, கம்பில் தொங்கிக் காய்ந்து, பிறகு நிறம் ஏறுகிறார்கள். துரையின் கழுத்து சிவந்திருந்ததே, அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அடுப்பு கட்ட மூவாரிலிருந்து மாமா வந்தார். அம்மாவுக்கு அண்ணன், கொத்தனார். துரை காட்டிய படத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு, "ஒண்ணும் சூசா இல்ல மச்சான். பெரிய தோசக்கல்லு, அதுக்கு ஒரு வீடு, அவ்ளோதான்," என்றார். கஷ்டம் என்கிற சொல்லே மாமாவிடம் கிடையாது, மலாய்க்காரர்களிடம் வாங்கிய சூசாதான். அதுவும் இல்லை என்று சொல்வதற்கு மட்டும்.

கூடத்துக்கு வெளியே, சுவரை ஒட்டிப் பள்ளம் தோண்டி அடுப்பை இறக்கினார். நடுக்குழியை மூடி, தரைக்கு அடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு கால்வாய் கட்டினார். சூடும் புகையும் அதற்குள் ஓடி, வழியில் வைத்த துவாரங்கள் வழியாக மேலே வர வேண்டும். நெருப்புப்பொறி கால்வாயிலேயே அவிந்துவிடும். விழுந்த சீட்டும் வெறும் தரையில்தான் விழும். எல்லாம் பொருத்தமாகவே இருந்தது.

துரை தம் பங்குக்கு ஒரு கட்டளை போட்டார். சூடு துளியும் வெளியே போகக் கூடாது, ஒரு கொசு நுழையும் ஓட்டைகூட இருக்கக் கூடாது. அப்பா பலகை இடுக்குகளையெல்லாம் களிமண்ணால் மெழுகினார். கூரை முகட்டுக்குக் கீழே பழைய மேல்கதவு ஒன்று கயிற்றால் இழுத்துத் திறக்கும்படி இருந்தது. அதன் இடுக்குகளிலும் கோணிச்சாக்கைத் திணித்தார். எல்லாரும் அது நியாயம் என்றே நினைத்தோம். காசு போட்டுச் சூடு பண்ணி வெளியே விடுவதா?

அடுப்பைப் பற்றவைத்தார்கள். முதல் நாள் அடுப்புப் பக்கத்துத் துவாரங்களில் மட்டும் சூடு வந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. அந்தக் கோடியில் ஒன்றுமில்லை. அங்கே தொங்கிய சீட்டுகள் காய்வதற்குப் பதிலாக வேர்த்தன. அதைவிட மோசம், அடுப்பு உள்ளே இழுக்காமல் வாய் வழியாகவே புகையைக் கக்கியது. அப்பா முன்பு கூடத்துக்குள் இருமியதை இப்போது வெளியே நின்று இருமினார். துரை காலையிலும் சாயங்காலமும் வந்து பார்த்தார். அம்மா மறுபடியும் டிரங்குப் பெட்டியில் பூச்சி பார்க்கத் தொடங்கினாள்.

மூன்றாம் நாள் அப்பா விறகு கொண்டுவரப் போயிருந்தார். மாமா என்னைக் கூப்பிட்டார். கையில் ஒரு குச்சி, அதன் நுனியில் கட்டிய காகிதத் துண்டு.

"பாப்பா, நீதான் சீட்டுக்கு அடியில பூந்து போக முடியும். ஒவ்வொரு ஓட்டைகிட்டயும் இதப் புடி. காயிதம் ஆடுதா இல்லயான்னு பாத்துட்டு வந்து சொல்லு. அப்பாகிட்ட சொல்லிக்காத."

பிள்ளைகள் புகைக்கூடத்துக்குள் போகக் கூடாது என்பது துரையின் சட்டம், அப்பாவின் சட்டம், அம்மாவின் சட்டம். எனக்கு ஒன்பது வயது. மூன்று சட்டத்தையும் மீறச் சொல்லி ஒரு பெரியவரே கேட்கும்போது எப்படி மறுப்பது? தவழ்ந்து போனேன். முதல் துவாரத்தில் காகிதம் படபடத்தது. இரண்டாவதிலும் ஆடியது. மூன்றாவதில் சோம்பலாகத் தலையைத் தூக்கிப் படுத்துவிட்டது. அதற்கு அப்பால் அசைவே இல்லை.

கடைசித் துவாரத்துக்குப் போனபோது மூச்சு முட்டியது. எங்கும் இருட்டு, ஈரம், புளித்த வாடை. சீட்டிலிருந்து ஒரு சொட்டு என் பிடரியில் விழுந்தது. பயந்துவிட்டேன். எழுந்து நின்று கையை நீட்டினேன், சுவரோரம் தொங்கிய கயிறு தட்டுப்பட்டது. அதைப் பிடித்து என் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கினேன். திணித்திருந்த சாக்கு பொத்தென்று என் காலருகே விழுந்தது. மேல்கதவு திறந்து வெளிச்சம் வந்தது. என்னைச் சுற்றியிருந்த ஆவி முழுவதும் அந்த வெளிச்சத்தை நோக்கி எழுந்து போயிற்று.

சிறிது நேரத்தில் கணுக்காலில் யாரோ ஊதுவதுபோல் இருந்தது. குனிந்து பார்த்தால், கீழே கிடந்த காகிதம் ஆடிக்கொண்டிருந்தது. நான் அதைக் குச்சியோடு எடுத்துக்கொண்டு ஓட்டமாக வெளியே வந்தேன்.

முகட்டிலிருந்து வெண்புகை தூணாக எழுந்துகொண்டிருந்தது. விறகு வண்டியை வழியிலேயே விட்டுவிட்டு அப்பா ஓடிவந்தார். மறுபடி நெருப்பு என்று நினைத்திருப்பார். வந்தவர் கூரையைப் பார்த்தார், திறந்திருந்த கதவைப் பார்த்தார், பிறகு கரி அப்பிய என் பாவாடையைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்பதற்குள் துரையின் சைக்கிள் வந்துவிட்டது. அவரும் புகையைக் கண்டுதான் வந்திருந்தார். முகம் கழுத்தைவிடச் சிவந்திருந்தது.

"அதை யார் திறந்தது?"

நான் மாமாவின் முதுகுக்குப் பின்னால் இருந்தேன். மாமா எதையும் காதில் வாங்காமல் அடுப்பின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் தொரை," என்றார் அப்பா.

"நான் மூடச் சொன்னேன். நீ திறந்தாய். நாளைக் காலை ஆபீசுக்கு வா."

"சரிங்க தொரை."

அப்போதுதான் மாமா வாயைத் திறந்தார். "தொரை, இங்க கொஞ்சம் வந்து பாருங்க." பீடியை இழுத்து அடுப்பு வாய்க்கு முன்னால் புகையை ஊதினார். மூன்று நாளாக எங்கள் முகத்துக்கே திரும்பி வந்த புகை, கூப்பிட்ட மாதிரி உள்ளே போனது. இன்னொரு முறை ஊதினார். அதுவும் போனது. அடுப்பிலிருந்து அதுவரை கேட்டிராத ஒரு இரைச்சல் கேட்டது. துரை தொப்பியைக் கழற்றி மாமாவிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து கூடத்துக்குள் போனார். நீண்ட நேரம் கழித்து வெளியே வந்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. கடைசித் துவாரத்தில் வைத்துப் பார்த்த உள்ளங்கையை இன்னும் விரித்தபடியே பிடித்திருந்தார்.

பங்களாவிலிருந்து புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். பிளந்த வீட்டில் ஒவ்வோர் அறைச் சுவரிலும் சின்னதாக ஒரு கம்பி வலை வரைந்திருந்தது. அழகுக்கு வைத்தது என்று நாங்கள் எல்லாரும் விட்டுவிட்டோம், தாத்தாவின் பேரனும்தான். பழைய காற்று போவதற்கு வழி வைத்தால்தான் புதுக்காற்று உள்ளே வரும் என்பதை அந்த வலை அத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. துரை சத்தமாகச் சிரித்தார். பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீ புத்திசாலி," என்றார். மறுநாள் ஆபீசுக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

அந்த வாரமே சீட்டுகள் ஒன்றுபோல் தேன் நிறத்தில் வந்தன. அப்பாவின் கண்கள் வெளுத்தன. மழைநாளில் அடுப்பின் வெளிச்சுவர் கதகதவென்று இருப்பதைக் கண்டுபிடித்த லயத்துப் பெண்கள் குழந்தைத் துணிகளைக் கொண்டுவந்து அங்கே காயப்போட்டார்கள். சாயங்காலங்களில் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார இடம் பிடிக்க வேண்டியிருந்தது. அம்மாவும் போய் உட்கார்ந்தாள், சூட்டுக்காக. மாமா மூவாருக்குத் திரும்பும்போது ஒரு கோழியோடு போனார். அவ்வளவு நல்ல மழைக்காலம் எங்களுக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

நான் மட்டும் சந்தோஷமாக இல்லை. தோட்டம் முழுக்க, மேல்கதவைத் திறக்கும் யோசனை புகைக்கூடத்துக்காரருடையது என்று பேசினார்கள். அப்பா யாரிடமும் மறுக்கவில்லை. நான்தான் திறந்தேன் என்று என் தோழிகளிடம் சொன்னேன், சிரித்தார்கள். அம்மாவிடம் சொன்னேன், "வாய மூடிட்டு இரு," என்றாள். நான்கு நாள் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோக மாட்டேன் என்று அடம் பிடித்தேன். ஐந்தாம் நாள் அவரே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உள்ள ரொம்பப் பயந்துட்டியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று பொய் சொன்னேன். அவர் என் தலையைத் தடவிவிட்டு எழுந்து போனார். என் பெயரைத் துரையிடம் சொல்லப் போவார் என்று எதிர்பார்த்தேன். விறகு பிளக்கப் போனார்.

கல்யாணமாகி யோங் பெங்குக்கு வந்த பிறகும் இந்தக் குறை தீரவில்லை. அப்பா காலமான வருடம், யாரோ அவருடைய புத்திசாலித்தனத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் போனதும், நான் என் கணவரிடம் முழுக் கதையையும் கொட்டினேன். அவர் அதிகம் பேசாதவர். கேட்டு முடித்துவிட்டு, "ஒங்கப்பா 'நான்தான்'னு சொன்னப்ப தொரை கையக் குடுத்துட்டாரா, இல்ல கோவமா இருந்தாரா?" என்றார்.

கோபமாக இருந்தார் என்று சொல்ல வாயெடுத்தேன்.

வேலையே போகலாம் என்று தெரிந்து அப்பா "நான்தான்" என்று சொன்ன அந்த நேரத்தில், அந்தக் கோடியில் ஒரு சீட்டுகூட இன்னும் காயத் தொடங்கியிருக்கவில்லை.